புத்தக பஸ்ஸில் ஒரு தீவுக்காரி

புத்தகத்தை இரவல் கொடுப்பதுதான் புத்தக பஸ்காரர்களின் வேலை, ஆனால் சனம் அதை எதற்காகக் கொண்டுபோகிறது என்பது மட்டும் எங்களுக்குக் கடைசிவரை பிடிபடாது. நூலகமோ, வாடகைக்கு வீடியோ கொடுக்கிற கடையோ, எதுவாக இருந்தாலும் இரவல் தொழிலில் நின்று நொந்துபோன என் சகபாடிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

நான் வேலை செய்தது டென்மார்க்கில், ஸ்கீவ பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி ஓடிய ஒரு பஸ்ஸில். எண்பதுகளின் கடைசிக் காலம். பஸ்ஸை ஓட்டியவர் இங்கர் என்ற பெண்மணி, நூலகரும் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், சுருட்டுப் பிடிப்பவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். நான் உதவியாள். தட்டில் புத்தகம் அடுக்குவேன், முத்திரை குத்துவேன், படியில் பனி உறைந்தால் உப்புப் போடுவேன். சுற்றுவட்டாரத்துத் தமிழருக்காகத் தமிழ்ப் புத்தகப் பெட்டி ஒன்றும் பஸ்ஸில் இருந்ததால் உள்ளூராட்சிக் கொம்யூன்காரர் என்னைத் தேடிப் பிடித்து இந்த வேலையைத் தந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எங்களில் முக்கால்வாசிப் பேர் கலியாணம் கட்டிய பிரம்மச்சாரிகள். என் மனைவி வசந்தியும் மகள் துஷாவும் ஊர்ச் சண்டைக்குத் தப்பிக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நான் வெளிக்கிடும்போது துஷா தவழ்ந்துகொண்டிருந்தாள். அகதி தன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது, நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆனால் தமிழரின் விண்ணப்பங்கள் மட்டும் அமைச்சரின் சொல்லால் அசையாமல் கிடந்தன என்பது பிறகுதான் நாட்டுக்கே தெரிய வந்தது. பத்திரிகைகள் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தன. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்காரர் எங்கள் வாசலில் நிற்காமல் போகிறார் என்பது மட்டும்தான்.

எந்தத் தீவு?

ஒருநாள் புதுப் புத்தகக் கட்டில் கரீபியன் பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவலும் கவிதைத் தொகுப்பும் வந்தன, இரண்டும் டேனிஷ் மொழிபெயர்ப்பு. அவர் பிறந்த தீவு ஒரு காலத்தில் டென்மார்க்கின் சொத்து. கரும்புத் தோட்டங்கள், அடிமைகள், டேனிஷ் பெயர் வைத்த தெருக்கள். பிறகு ஒரு நாள் டென்மார்க் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது, சனத்தையும் சேர்த்து. காலையில் ஒரு கொடியின் கீழ் எழும்பியவர்கள் பின்னேரம் இன்னொரு கொடியின் கீழ் படுக்கப் போனார்கள். இப்போது நான் யார் என்பதைத்தான் அவர் கதையிலும் கவிதையிலும் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை இந்தப் பக்கத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று பெருமூச்சு விட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த தரிப்பில் யோகண்ணை ஏறினார். அவர் புங்குடுதீவு, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, மனைவி கொழும்பில் வசந்தி இருந்த அதே லொட்ஜில். "அண்ணை, தீவுக்காரி ஒருத்தி எழுதின நாவல் வந்திருக்கு" என்று நீட்டினேன். யாழ்ப்பாணத்தாருக்குத் தீவு என்றால் உலகத்தில் எங்கள் கரையோரத் தீவுகள் மட்டும்தான் என்பதை மறந்துவிட்டேன்.

"எந்தத் தீவு? புங்குடுதீவெண்டா எத்தினையாம் வட்டாரம்?"

அட்லஸை விரித்துக் கரீபியன் கடலைக் காட்டினேன். அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நல்ல தண்ணிக்குக் கஷ்டமோ என்று கேட்டார். நாவலில் மழைத்தண்ணி பிடித்துத்தான் குடிக்கிறார்கள், ஓம் என்றேன். இளசுகள் எல்லாம் உழைக்க வெளியில் போய்விட்டதுகளோ என்றார். அதற்கும் ஓம்.

"அப்ப புங்குடுதீவுதான். முத்திரையைக் குத்தும் தம்பி."

விற்றாயிற்றுத்தானே

ஆக்ஸல் பன்றிப்பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்த விவசாயி. கப்பல் படம் போட்ட அட்டையைத் தவிர வேறு எதையும் எடுக்கமாட்டார். எங்கள் எழுத்தாளரின் கவிதைத் தொகுப்பின் அட்டையில் ஒரு கப்பல் இருந்தது, அது அடிமைக் கப்பல் என்று தெரியாமல் மனிதர் கொண்டுபோய்விட்டார். கவிதைகள் எல்லாம் டென்மார்க்கைப் பார்த்து நேரடியாகப் பேசுபவை. என் பெயரை யார் வைத்தது, என் தெருவின் பெயரை உனக்கு உச்சரிக்க ஞாபகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி.

அடுத்த முறை பஸ் வந்தபோது ஆக்ஸல் மழைக்குள் காத்துக்கொண்டு நின்றார். நாய்க்கு உரக்க வாசித்துக் காட்டினாராம், நாய் எழும்பிப் போய்விட்டதாம், தன்னால் போக முடியவில்லையாம். புத்தகத்தை மேசையில் வைத்தார், பிறகு திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒரு டிராக்டரை விற்றால் அது எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. நாங்கள் இந்தத் தீவுகளை விற்றாயிற்றுத்தானே, இவர் ஏன் இன்னும் எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்? சரி, இன்னும் ஒரு மாதத்துக்குப் பதிந்துவிடு, என்ன பதில் சொல்வதென்று யோசிக்க வேண்டும்."

எல்லாருக்கும் ஒரே கடல்

அதே தொகுப்பில், ஆக்ஸல் கொண்டுபோவதற்கு முன்னமே நான் கொப்பியில் பார்த்தெழுதி வைத்த ஒரு கவிதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொலைவில் இருக்கும் தன் தீவை ஒரு பெண்ணாக நினைத்து எழுதியது. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற கடலை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று போகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ்ஸுக்குள் இருந்தபடி அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். யோகண்ணை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மனிசிக்கு எழுதும் கடிதத்தில் சுகம், குளிர், கோழி விலை, இவற்றைத் தவிர எழுத ஒன்றும் இல்லாமல் கை வறண்டுபோயிருக்கிறதென்று சொல்லி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.

அவர் எடுத்ததை அவரோடு ஒரே அறையில் இருந்த மற்றவர்கள் எடுத்தார்கள். கார் வைத்திருந்த ஒருவர் சனிக்கிழமை ஹேர்னிங்குக்குப் போனபோது அங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தாளர் பெயரை ஒருவரும் எழுதவில்லை, எல்லாரும் தாங்களே கடலைக் குடித்தார்கள். நானும்தான் குடித்தேன், மொழிபெயர்த்தவனுக்கு அந்த உரிமையாவது இல்லையா. யோகண்ணை மட்டும் நேர்மையாகக் கடைசியில் கோழி விலையையும் சேர்த்திருந்தார்.

கடிதங்கள் எல்லாம் ஒரே தபாலில் அந்த லொட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தன. பெண்கள் மாடிப்படியில் குந்தியிருந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது கடிதத்திலேயே சிரிப்பு வந்துவிட்டதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தி தொலைபேசியில் வந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இஞ்ச லொட்ஜில இருக்கிற எல்லாருக்கும் ஒரே கடல் வந்திருக்கு. யோகண்ணையின்ர மனிசி மட்டும்தான் சந்தோசமா இருக்கிறா, அவவுக்குக் கோழி விலையாவது தனியா வந்தது."

அந்தக் கிளார்க்

இனி நாவலின் கதைக்கு வருகிறேன், இது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது. கதாநாயகி ஒரு தையல்காரி. டேனிஷ் கொடியின் கீழ் கலியாணம் கட்டியவள். கொடி மாறிய அன்று அவளுக்கு ஒரு பயம் பிடிக்கிறது: பழைய நாட்டில் கட்டிய தாலி புது நாட்டில் செல்லுமா? (தாலி என்பது என் மொழிபெயர்ப்பு, அவளுக்கு மோதிரம்.) வெயிலுக்குள் வரிசையில் நின்று கந்தோர் ஜன்னலடிக்குப் போகிறாள். கிளார்க் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான், நீங்கள் இரண்டு பேரும் இன்னும் சேர்ந்திருக்க விரும்புகிறீர்களா? ஓம் என்கிறாள். அவன் மணிக்கூட்டைப் பார்க்கிறான், சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலைச் சாத்துகிறான். நாவல் அத்தோடு முடிகிறது.

எங்கள் ஆட்களை இது பிடித்து ஆட்டிவிட்டது. கலியாணப் படத்தில் பக்கத்தில் நிற்பது யார், ஐயர் வந்து செய்துவைத்த கலியாணத்தை ஏன் பதியவில்லை, தாலி கட்டும்போது மனைவியின் தமக்கை எங்கே நின்றார் என்று குடிவரவு விசாரணையில் எங்களைக் குடைந்து எடுத்த காலம். நாவலை அவர்கள் இலக்கியமாக எடுக்கவில்லை, வழக்குக்கு வழிகாட்டியாக எடுத்தார்கள். அகராதியோடு இருந்து வரி வரியாக வாசித்தார்கள். கடைசிப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறது, முழுப் புத்தகம் தாருங்கள் என்று என்னோடு சண்டை பிடித்தார்கள். இன்னொரு பிரதியில் முடிவு இருக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாரும் பதிந்துவைத்தார்கள். பதிவு கூடினால் நூலகம் மேலதிகப் பிரதி வாங்கவேண்டும் என்பது விதி. வாங்கினார்கள். அதிலும் கிளார்க் சாப்பிடத்தான் போனான்.

ஒரு கரீபியன் நாவல் இந்தக் குளிர்க் கிராமங்களில் ஏன் இப்படிப் பறக்கிறது என்று பார்க்க நூலக மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பஸ்ஸில் எங்களோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினார். அடையாளச் சிக்கல், காலனிய மனக்காயம் என்று வழியெல்லாம் அழகாகக் கதைத்தார், நானும் தலையாட்டினேன். யோகண்ணை ஏறியதும் அவருக்குப் பக்கத்தில் போய், இந்த நாவலில் உங்கள் மனதை ஆகவும் தொட்டது எது என்று மெதுவாகக் கேட்டார். யோகண்ணை யோசிக்கவே இல்லை.

"அந்தக் கிளார்க்தான். நல்ல மனிசன், ஒரு கேள்வியோட விட்டிட்டான்."

விருந்தாளி தொலைந்தார்

அதிகாரி மகிழ்ச்சியோடு திரும்பிப் போனதன் பலனாக எழுத்தாளரையே ஸ்கீவவுக்குக் கூப்பிட்டார்கள். நூலக மண்டபத்தில் வாசிப்பு. பூங்கொத்து, கோப்பி, பன், எல்லாம் தயார். ஏழு மணிக்கு வரவேண்டியவரை ஏழரைக்கும் காணவில்லை. ரயில் வந்துவிட்டது, அவர் இறங்கியதை ஸ்டேஷனில் கண்டிருக்கிறார்கள். இங்கர் மூன்றாவது சுருட்டைப் பற்றவைத்தார்.

கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். அதே கட்டடத்தின் மேல் மாடியில் அகதிகளுக்கான டேனிஷ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற தொண்டர் கறுத்த நிறத்தையும் மெல்லிய கோட்டையும் பார்த்து, பாவம் குளிரில் நிற்கிறாரே என்ற நல்ல மனதோடு அவரை மேலே அனுப்பிவிட்டார். அங்கே எங்கள் பெடியளுக்கு நடுவில், நரைத்த சுருட்டை முடியோடு, இரவல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார் உலகம் சுற்றிய எழுத்தாளர். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் வகுப்பு முடியட்டும் என்று கையைக் காட்டி என்னையும் இருக்கச் சொன்னார். படியால் இறங்கி வரும்போதுதான் ஆங்கிலத்தில் சொன்னார்.

"நல்ல பாடம். 'நான் என் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று டேனிஷில் சொல்லப் பழகிவிட்டேன். வேறு எதுவும் சொல்லித் தரவில்லை, அங்கே இருந்த யாருக்கும் வேறு எதுவும் தேவைப்படவும் இல்லை."

செல்லுமோ செல்லாதோ

வாசிப்பு நன்றாகப் போனது. ஆக்ஸல் தேவாலயத்துக்குப் போடும் கோட்டோடு வந்து முதல் வரிசையில் இருந்தார், பதில் இன்னும் தயாராகவில்லை என்று எழுத்தாளரிடம் முறையாகத் தெரிவித்தார். ஆசிரியைகள் இரண்டு பேர் மொழியைப் பற்றியும் அடையாளத்தைப் பற்றியும் கேட்டார்கள். பிறகு யோகண்ணை கையை உயர்த்தினார். பின்வரிசையில் எங்கள் ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள். இதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

யோகண்ணை தமிழில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: அந்தக் கலியாணம் செல்லுமா செல்லாதா? எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். உலகம் முழுக்கப் போய் வந்தும் தன்னிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்றார். அவள் தன் சொந்தக்காரியாம், உண்மைக் கதையாம். கிளார்க் இன்னும் சாப்பாட்டிலிருந்து திரும்பவில்லை, அதற்குள் அவர்களுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்துவிட்டன என்றார்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இங்கர்கூடச் சிரித்தார், நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் அவருடைய பல்லைப் பார்த்தேன். சிரிப்பு அடங்கும்வரை யோகண்ணை மரியாதையாகப் பொறுத்திருந்தார். பிறகு அவர் சொன்னதை என்னால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. எழுத்தாளர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"நல்லது அம்மா. ஆனா பிள்ளை பிறக்கிறதுக்கு ரெண்டு பேரும் ஒரு நாட்டில இருக்க வேணும்."

ஒரு தரிப்புக் கூட

அதற்குப் பிறகு ஒரு வசந்த காலம் வந்து போனது. கோப்புகள் அசையத் தொடங்கிவிட்டன என்று ரேடியோவில் சொன்னார்கள், நான் நம்பவில்லை. ஒரு காலை எனக்கு அனுமதிக் கடிதம் வந்தது. வாசித்துவிட்டுக் குசினியில் நிலத்தில் இருந்துவிட்டேன். வசந்தியும் துஷாவும் கொப்பன்ஹேகனில் இறங்கி, அங்கிருந்து சின்ன விமானத்தில் கறுப் விமான நிலையத்துக்கு வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை. இங்கரிடம் லீவு கேட்டேன். வியாழன் பெரிய சுற்று, நீ இல்லாமல் பஸ் ஓடாது என்று ஒரே வெட்டாக வெட்டினார். இந்த மனிசிக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது என்று மனதுக்குள் நல்லாகத் திட்டினேன். யாராவது ஒருவரின் காரைப் பிடித்து யோகண்ணை போய்க் கூட்டிவருவதென்று முடிவானது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாவது தரிப்பில் ஆக்ஸலும் கம்பளி பின்னும் புத்தகம் தேடி வந்த இரண்டு கிழவிகளும் உள்ளே நின்றார்கள். காரில் விமான நிலையம் போகவேண்டிய யோகண்ணையும் ஏனோ அங்கே நின்றார். இங்கர் கதவைச் சாத்தினார், இன்றைக்கு ஒரு தரிப்புக் கூடுதலாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்றார், பஸ்ஸை எடுத்தார். இறங்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வளைவுகளில் புத்தகம் சரியச் சரியக் கிழவிகள் எடுத்து அடுக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சமயப் புத்தகங்களுக்குள் வைத்தார்கள். எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். பாதி வழியில்தான் பஸ் எங்கே போகிறது என்பது எனக்கு விளங்கியது. யோகண்ணையின் மனிசிக்கு இன்னும் அனுமதிக் கடிதம் வரவில்லை. நீங்கள் ஏன் அண்ணை மினக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாத்து வைப்பம் என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கறுப் விமான நிலையத்தில் கடும் காற்று. வசந்தி சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டுப் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நெடிய பிள்ளை, அது என் மகள். யோகண்ணை பெட்டிகளை வாங்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். சொல்ல வேண்டியதை எல்லாம் நான் வருஷக்கணக்காக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் பஸ்ஸடிக்கு வந்ததும் என் வாயில் வந்தது, படி வழுக்கும் கவனம். ஏறுகிற எல்லாருக்கும் சொல்கிற அதே வசனம், அதுவும் டேனிஷில். துஷா பயந்து தாயின் கோட்டுக்குள் புகுந்துகொண்டாள். கிழவிகள் கைதட்டினார்கள், ஆக்ஸல் தொப்பியைக் கழற்றினார். வசந்தி படியில் ஏறி நின்று, தரையிலிருந்து கூரைவரை இருந்த தட்டுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது, எனக்கும்தான்.

"இவ்வளவையும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டனீங்களோ?"

புத்தகம் ஒரு கிழமை பிந்தினாலே எடுத்தவருக்கு நினைவூட்டல் கடிதம் போடுகிற தொழில் எங்களுடையது, மனிசர் வருஷக்கணக்கில் பிந்தியதற்கு அந்தத் 'தமிழர் வழக்கில்' கடைசியில் அந்த நாட்டில் ஒரு அரசாங்கமே பதவியை விட்டு எழும்பிப் போகவேண்டி வந்தது.